மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு நகரம்

கேம்ப் ரோடு ஜங்ஷனில் ஷேர் ஆட்டோவுக்குள் நசுங்கிக்கொண்டிருந்தேன். யாருடைய சட்டைப் பையிலிருந்தோ பழைய தொலைபேசி மணி அடித்தது. இரண்டு அடி, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு அடி. கைபேசியில் வைத்துக்கொள்கிற போலி மணிதான். ஆனால் என் முதுகு நிமிர்ந்துவிட்டது. எடுக்கவேண்டுமே, யாராவது ஓடிப்போய் எடுக்கவேண்டுமே என்று உள்ளே ஒன்று பதறியது. பக்கத்தில் இருந்தவர் எடுத்தார், "அப்புறம் கூப்பிடறேன்" என்றார், மறுமுனையில் இருந்தவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார்.

அப்படி யாராவது வைத்தால் எங்கள் பழைய வீட்டுக்கார அம்மாவுக்கு முகம் சுருங்கும். மிளகாயைக் கடித்தவர் மாதிரி.

அவர் ஒருபோதும் முதலில் தொலைபேசியை வைத்ததில்லை. அவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதலாம் என்றால் இந்த வரியைத்தான் எழுதுவேன். மற்றதெல்லாம், அவர் உயரம், தடித்த கண்ணாடி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உடுத்தும் வெள்ளைப் பருத்திப் புடவை, ஆளுக்கு முன்னால் வந்து நிற்கும் குரல், எல்லாம் இந்த ஒரு வரியைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அவருடைய வீட்டு மாடியில் நானும் என் மனைவியும் இரண்டு வருடம் குடியிருந்தோம். இரண்டாயிரத்து நான்கு ஜூனிலிருந்து. அப்போது எனக்கு முப்பத்து மூன்று. ஒரு வீட்டில் நிலையாக இருக்கமுடியாத ஆள் நான். சுவரில் ஆணி அடித்ததும் அடுத்த வீட்டைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். அந்த வீட்டில் மட்டும் ஆணி அடித்த பிறகும் இருந்தேன். காரணம் கீழ்வீடு.

ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். தொலைபேசி இலாகாவில் டிரங்க் கால் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கணவர் இறந்து பல வருடம். ஒரே மகன், பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவம் படிக்கிறான் என்று வீடு பார்க்க வந்த முதல் நாளே சொன்னார். அட்வான்ஸ் பற்றிப் பேசுவதற்கு முன்னாலேயே சொன்னார்.

எங்களுக்குத் தொலைபேசி கிடையாது. அவர் வீட்டு எண்ணைத்தான் ஊரில் கொடுத்திருந்தோம். என் அண்ணன் கூப்பிட்டால் மாடிப்படிக்குக் கீழே நின்று குரல் கொடுப்பார்.

"தம்பி, உங்க அண்ணன் லைன்ல இருக்காரு. பஸ் ஸ்டாண்ட் பூத்துல நிக்கறாரு, சீக்கிரம் வாங்க."

"பஸ் ஸ்டாண்டுன்னு சொன்னாரா ஆன்ட்டி?"

"அவர் சொல்லுவானேன்? பின்னால கண்டக்டர் தஞ்சாவூர் தஞ்சாவூர்னு கூவறானே, காது இல்லையா எனக்கு?"

கடன் அட்டை வேண்டுமா என்று பெண்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்த காலம் அது. நாமெல்லாம் எரிந்து விழுந்தோம். ஆன்ட்டி அந்தப் பெண்களிடம் எந்த ஊர், ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, அப்பா என்ன செய்கிறார் என்று விசாரிப்பார். அரைமணி ஆனதும் அந்தப் பெண்ணே மேலதிகாரிக்குப் பயந்து வைத்துவிடும். அதற்குப் பிறகுதான் ஆன்ட்டி வைப்பார். என் மனைவி ஒருமுறை கேட்டாள்.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சிடலாமே ஆன்ட்டி?"

"முப்பது வருஷமா கனெக்ஷன் குடுக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. கட் பண்றது அவங்கவங்க பாடு. என் கை அதுக்குப் பழகலை கண்ணு."

விருந்தாளியை வழியனுப்பினாலும் இதே கதைதான். கேட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பார். போகிறவர் தெருமுனை திரும்பி மறைகிறவரை உள்ளே போகமாட்டார். போகிறவருக்குத்தான் முதுகு கூசும்.

அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் கனத்த கண்ணாடி போட்டிருந்தது. மற்ற வீடுகளில் அந்தக் கண்ணாடிக்கு அடியில் காலண்டர் படமோ குடும்பப் புகைப்படமோ இருக்கும். இவர் ஒரு நகரத்தை வைத்திருந்தார். முதல் வருடம் மகன் தபாலில் அனுப்பிய சுற்றுலா வரைபடம். மேஜை முழுவதும் விரிந்து கிடக்கும். நீலத்தில் ஒரு பெரிய ஆறு, அதிலிருந்து பிரிந்து கைரேகை மாதிரி ஓடும் கால்வாய்கள், கால்வாய் ஓரங்களில் சின்னச் சின்னதாக வரைந்த அரண்மனைகள், கோபுரங்கள், குதிரைச் சிலைகள். யார் வந்தாலும் டீ வைத்துக் கொடுத்து, "ஆறறதுக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வந்திடலாமா?" என்பார். கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூடப் போய் வந்திருக்கிறார்.

சுட்டுவிரல்தான் படகு. ரசம் சிந்திய கறையைத் துடைத்துவிட்டுக் கிளம்பும்.

"இது நெவ்ஸ்கி. நம்ம ஜி.எஸ்.டி. ரோடுன்னு வச்சுக்கங்க, ஆனா மாடு கிடையாது. இது ராஜா குளிர்காலத்துல தங்கின அரண்மனை. எத்தனையோ அறையாம். கூட்டிப் பெருக்கவே ஒரு ஊர் வேணும். இந்தக் கால்வாய் ஓரமா வந்தீங்கன்னா இதோ, பல்லாரி வெங்காயத்தை வரிசையா கவுத்து வச்ச மாதிரி கோபுரம். ஒவ்வொண்ணும் ஒரு கலர். எதிர்க்கரையில தெரியுதே, பேதுரு பவுல் கோட்டை. ரெண்டு பேரும் நம்ம ஆளுங்கதான்."

தங்கக் கூரை போட்ட ஒரு பெரிய தேவாலயத்தருகில் மட்டும் விரல் கொஞ்சம் நிற்கும். "இது ஈசாக்கு பேர்ல கட்டினது. பலிபீடத்துல கட்டிக் கிடத்தின பிறகும் பிழைச்சு வந்த பிள்ளை."

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒன்றை அழகாகச் சொன்னால் அது நிஜம்தானா என்று போய்ப் பார்த்துவிட வேண்டும். சேலையூரில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். அந்தத் தேவாலயத்து ஈசாக்கு ஆபிரகாமின் மகன் இல்லை, வேறு ஏதோ தேசத்துத் துறவி. நல்லவேளை, அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த ஒருமுறை வாயை அடக்க எனக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு அவன் கூப்பிடுவான். "அவனுக்கு இப்பப் பதினொரு மணி" என்று சொல்லிக்கொண்டே கையைத் துடைப்பார். எங்களையும் கீழே சாப்பிடக் கூப்பிட்டிருப்பார். இரண்டு அடி, ஒரு இடைவெளி, இரண்டு அடி. அடுத்த அடிக்குள் எடுத்துவிடுவார்.

"சொல்லு ராஜா."

அதற்குப் பிறகு அவன் சொல்வான். வாரத்துக்கு ஓர் இடம். ஒரு ஞாயிறு ஒரு அரண்மனை, அடுத்த ஞாயிறு ஒரு பாலம். கேட்கக் கேட்க ஆன்ட்டி எங்களுக்காக உரக்கத் திருப்பிச் சொல்வார். பழைய ஆபரேட்டர் பழக்கம். "பாலத்துல நாலு சிங்கமா? சிங்கத்துக்குத் தங்க றெக்கையா? சரி. வாயிலயே கம்பியைக் கடிச்சுக்கிட்டு பாலத்தைத் தாங்குதா? சரி." இன்னொரு கை விரல் மேஜைமேல் அந்தப் பாலத்தைத் தேடும். என் மனைவி சாம்பார்ப் பாத்திரத்தை நகர்த்தி வழி விடுவாள். நாங்கள் மூவரும் குனிந்து, குழம்பு வாசனைக்கு நடுவில், ஒரு பனிநாட்டு நகரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

சில நாள் ரிசீவரை என்னிடமும் கொடுப்பார். நல்ல குரல் அவனுக்கு, அம்மாவைப் போலவே. "அண்ணா, இங்க சாயந்திர வெளிச்சம் சுவர்ல படறப்போ சுவரே பழுத்த மாதிரி ஆயிடும்ணா" என்பான். நான் அன்றிரவு முழுவதும் அந்தப் பழுத்த சுவரைத் தடவிக்கொண்டிருப்பேன். ஒருவனால் இவ்வளவு நன்றாகப் பார்க்கமுடிகிறதே என்று பொறாமைகூடப் பட்டேன். மூன்றாம் வருடத்திலிருந்து ஸ்காலர்ஷிப் கிடைக்கிறது, பணம் அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். அதிலும் எனக்கு மரியாதை.

எப்போது வருகிறாய் என்று ஆன்ட்டி மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. கவனித்திருந்தும் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. காலர் ஐடி பெட்டி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், யார் கூப்பிடுகிறார்கள் என்று எண் தெரியும் என்று சொன்னேன். "வேண்டாம் தம்பி" என்றார். முப்பது வருடம் எண்களோடு வாழ்ந்தவருக்கு எண் அலுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் குடிவந்த இரண்டாம் வருடம் மழை பேய்மழை. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். எதிர்வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, "ஆன்ட்டி, உங்க பையன் ஊரு நம்ம தெருவுக்கே வந்துடுச்சு, போட்டு எங்க?" என்று கத்தினார். மேலே எங்களோடு நின்றிருந்த ஆன்ட்டி, "அரண்மனையை முதல்ல கட்டுங்க, போட்டு தன்னால வரும்" என்றார். தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் அந்த வீட்டில் நான் கேட்ட கடைசி முழுச் சிரிப்பு.

மழை விட்டு, பொங்கலும் முடிந்தது. கோவளத்திலிருந்து பஸ் மாறி வரும் மீன்காரம்மா ஒரு வியாழக்கிழமை கூடையை இறக்கிவைத்துவிட்டு, டீயோடு மேஜைக்கு வந்தார். நான் அங்கே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ஆன்ட்டியின் விரல் ஆற்றில் இறங்கியது.

"யக்கா, இந்தத் தண்ணியில மீனு கீதா?"

"இருக்குமே. கடல் பக்கத்துலதானே."

"அவ்ளோ குளிரு குளிருன்றியே, தண்ணி ஐஸாயிடாது? நம்ம பொட்டியில ரவ ஐஸு போட்டாலே மீனு கல்லாட்டம் ஆயிடுது. அங்க ஊரே ஐஸு. போட்டு எப்டி ஓடும்? சறுக்கினுதான் போவணும்."

"வஞ்சிரம் என்ன விலை சொன்ன?" என்றார் ஆன்ட்டி.

"இன்னாக்கா நீ, நான் ஊரைக் கேட்டா நீ மீனைக் கேக்குற?"

"மீன்காரிகிட்ட மீனைக் கேக்காம? எடு, பார்ப்போம்."

அவ்வளவு வேகமாக அவர் பேச்சை மாற்றி நான் பார்த்ததில்லை. பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன். என் மண்டைக்குள் ஐஸ் கட்டி உருள ஆரம்பித்திருந்தது. சாயங்காலமே பிரௌசிங் சென்டருக்குப் போனேன். ஜனவரியில் அந்த ஆறும் கால்வாய்களும் உறைந்துவிடும். படகுகள் எல்லாம் வசந்தம் வரும்வரை கட்டிக்கிடக்கும். உறைந்த கால்வாய்மேல் பனி மூடிய படங்கள் பார்த்தேன். அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"அதனால என்ன?" என்றாள்.

"போன வாரம் போட்ல போனேன்னு சொன்னானே?"

"சொன்னா சொல்லிட்டுப் போறான். உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

ஞாயிறு வந்தது. ஒன்றரை மணிக்கு மணி அடித்தது. "சொல்லு ராஜா." அன்று அவன் நீண்ட ஒரு படகுப் பயணம் சொன்னான். ஆன்ட்டி திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். "அரண்மனைக்குப் பின்பக்கமா வளைஞ்சு, சரி. பாலத்துக்கு அடியில எல்லாரும் குனிஞ்சுகிட்டீங்களா? சரி. தண்ணியில கையை விட்டியா? சரி, சரி." விரல் நீலக்கோட்டில் மெதுவாகப் போயிற்று. பிறகு வழக்கம்போல ரிசீவர் என்னிடம் வந்தது.

நான் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். சத்தியமாகச் சிரித்துக்கொண்டுதான்.

"என்னப்பா, ஜனவரியில போட்டா? கால்வாயெல்லாம் கல்லா உறைஞ்சிருக்கும்னு போட்டிருக்கானே? நீ எங்க போய்த் தண்ணியில கையை விட்டே?"

அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. தூரத்தில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. நம்ம ஊர் லாரி ஹாரன் மாதிரியே இருந்தது.

"இந்த வருஷம் கொஞ்சம்... அண்ணா, அம்மாகிட்ட குடுங்க."

கொடுத்தேன். ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தபோதுதான் ஏதோ உடைந்துவிட்டது என்று தெரிந்தது. எது என்று தெரியவில்லை.

"சொல்லு ராஜா. அவர் விளையாட்டுக்குக் கேட்டாருப்பா. அவருக்கு என்ன தெரியும் அந்த ஊரைப் பத்தி? நீ சொல்லு. பாலம் தாண்டினதும் என்ன வந்துச்சு?"

அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை.

"சாப்பிட்டியா ராஜா?"

அவன் வைத்துவிட்டான். ரிசீவரிலிருந்து அந்த ஒற்றை ஓசை கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. ஆன்ட்டி அதைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. என் மனைவி போய் அவர் கையோடு சேர்த்துப் பிடித்து மெதுவாக இறக்கிவைத்தாள்.

அடுத்த ஞாயிறு மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். ஒன்றே காலுக்கு ஆன்ட்டி ரிசீவரை எடுத்து லைன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல வைப்பார். சாப்பிடக் கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. கூப்பிட்டார், போனோம், மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் சாப்பிட்டோம். சாப்பிடும்போது என்னிடம் அவர் கேட்டதெல்லாம் இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்பதுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான்காவது ஞாயிறு தனியாக இறங்கிப் போனேன்.

"ஆன்ட்டி, நான் செஞ்சதுதான் இது. காலேஜுக்கு ஒரு லெட்டர் போடலாம். இங்கிலீஷ்ல நானே எழுதித் தரேன்."

"அங்க அவன் இல்ல தம்பி."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் சொன்னார்.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"நீங்க குடிவர்றதுக்கு ஒரு மாசம் முன்னால இருந்து. வெளிநாட்டு லைன்ல நம்ம பேச்சு அங்க போய், அவங்க பேச்சு இங்க வர ஒரு மூச்சு விடற நேரம் இருக்கும். அந்த மூச்சுக்காகவே காத்துக்கிட்டிருப்பேன். முதல் ரெண்டு வருஷம் இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை எடுத்தேன். சொல்லு ராஜாங்கறேன், உடனே அம்மாங்கறான். மூச்சு இல்ல. பின்னால எவனோ தெலுங்குல டீ கேக்கறான்."

உரிக்காத ஒரு வெங்காயத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"முதல்ல எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு தம்பி. பக்கத்துல வந்துட்டானேன்னு. ஆச்சரியப்படுத்தப் போறான்னு நினைச்சேன். ஒரு வாரம் ரெண்டு பேருக்கு அரிசி போட்டேன். அடுத்த ஞாயிறு கூப்பிட்டு, இன்னைக்கு ஒரு மியூசியம் போனேம்மான்னான். அப்பத்தான் புரிஞ்சுது. படிப்பு விட்டுப்போச்சு. அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரலை."

"நீங்களாவது கேட்டிருக்கலாமே? எங்கடா இருக்கேன்னு ஒரே ஒரு வார்த்தை?"

"கேட்டா வச்சிருப்பான்." கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். "சொல்றதுக்கு ஒரு ஊர் இருக்கறவரைக்கும் அவன் பேசுவான். எனக்கு அந்த ஊர் வேணுமா, அவன் வேணுமா?"

"உங்க டிபார்ட்மென்ட்லயே கேட்டா எந்த நம்பர்னு கண்டுபிடிச்சிடலாம் இல்ல?"

"ஒரு நாள் வேலை. ஏதோ ஒரு பூத் வரும். பூத்துக்காரன்கிட்ட என்னன்னு கேக்கறது? ஞாயித்துக்கிழமை ஒல்லியா ஒரு பையன் வந்து, கையில ஒரு புக்கை வச்சுக்கிட்டு, எங்கயோ இருக்கற அரண்மனையைப் பத்திப் பேசுவானே, அவனைக் கொஞ்சம் கூப்பிடுங்கன்னா? நான் தேடறேன்னு தெரிஞ்சா அந்தப் பூத்துக்கும் வரமாட்டான். நம்பர் தெரிஞ்சா என் கை சும்மா இருக்காது தம்பி, அதான் அந்தப் பெட்டியே வேண்டாம்னேன்."

வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டு எழுந்தார். அவர் கண்ணில் நீர் இருந்தது, வெங்காயம்தான் என்று சொல்லிக்கொள்ள எங்கள் இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தெலுங்கில் டீ கேட்டான் என்ற ஒரே தடயத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு ஞாயிறு சென்ட்ரலில் ரயில் ஏறிக் கூடூரில் இறங்கினேன். அடுத்த ஞாயிறு நெல்லூர். ஸ்டேஷன் வாசலில் வரிசையாக இருந்த பூத்துகளுக்கு முன்னால், ஆன்ட்டி வீட்டுச் சுவரில் பார்த்திருந்த, தொப்பி போட்ட அவன் புகைப்படத்தை நினைவில் வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து இரண்டு மணிவரை நின்றேன். கண்ணாடிக் கூண்டுகளுக்குள் யார் யாரோ காதைப் பொத்திக்கொண்டு யார் யாருக்கோ ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோருமே ஒல்லியாக இருந்தார்கள். எல்லோருமே பொய் சொல்கிற மாதிரியும், எல்லோருமே சாப்பிட்டியா என்ற கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரியும் இருந்தது. சிவப்பு எழுத்து மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கு ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். ஒரு மாநிலம் முழுக்கத் தெலுங்கில் டீ கேட்கிறார்கள். என் மனைவி கேட்டாள், "எங்க போயிட்டு வர்றீங்க?" சொன்னேன். அவள் தட்டு வைத்தாள்.

மார்ச் மாதம் மீன்காரம்மா மறுபடி மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

"யக்கா, புள்ளை இன்னா சொல்றான்? போட்டுல போனானா?"

"இப்ப அங்க ஐஸ் காலம்மா. நீ சொன்னது சரிதான். போட்டெல்லாம் கட்டிக் கிடக்கு. லைனும் சரியா கிடைக்கறதில்ல."

"பின்ன? நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல?" மீன்காரம்மாவுக்கு ஜெயித்த சந்தோஷம். "எப்போ உருவும்?"

"உருகும். ஏப்ரல்ல உருகும்னு போட்டிருக்காம்." என்னைப் பார்த்தார். "இல்லையா தம்பி? நீங்கதானே படிச்சீங்க?"

"ஆமா ஆன்ட்டி. ஏப்ரல்ல உருகிடும்."

ஏப்ரலில் எங்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி கொதித்தது. மே மாதம் தார் ரோடு செருப்பில் ஒட்டியது. மீன்காரம்மா இரண்டு முறை கேட்டார், "இன்னும் உருவலியா?" பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டார். அந்தம்மாவும் பிள்ளை பெற்றவர்தானே, எங்கேயோ ஓரிடத்தில் அவருக்கும் புரிந்திருக்கும். ஒருநாள் காசு வாங்காமல் நாலு சங்கரா மீனை ஆன்ட்டியின் பாத்திரத்தில் போட்டுவிட்டு, "வெச்சுக்க யக்கா, வெயிலுக்குக் கெட்டுடும்" என்று வேகமாகப் போய்விட்டார்.

ஆன்ட்டி மட்டும் மாறவில்லை. கடன் அட்டைப் பெண்களிடம் அதேபோலப் பேசினார். பேப்பர் போடுகிறவரின் தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுத்தார். வந்தவர்களுக்கு டீ வைத்து மேஜைமேல் நகரத்தைச் சுற்றிக் காட்டினார். ஈசாக்கு தேவாலயத்தருகில் விரல் முன்பைவிட நேரம் எடுத்துக்கொண்டது. ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போட வந்தவர், "ரயில்ல எங்கயோ போயிட்டு வந்தீங்களாமே தம்பி, உங்க வீட்டம்மா சொல்லிச்சு" என்றார். நான் தலைகுனிந்தேன். "வெயில்ல அலையாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான்தான் தாங்கவில்லை. ஞாயிறுகள் தாங்கவில்லை. ஒன்றரை மணி என்கிற அந்த நேரம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, எழுந்து போக மறுத்தது. ஜூனில் மாடம்பாக்கத்தில் ஒரு வீடு பார்த்தேன். வேலைக்குப் பக்கம், தண்ணீர் நன்றாக வருகிறது என்று என்னென்னவோ காரணம் சொன்னேன். எதையும் ஆன்ட்டி மறுக்கவில்லை. எதையும் நம்பவுமில்லை.

மாடம்பாக்கத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் நடந்தே வந்துவிடலாம். ஆனாலும் இத்தனை வருடங்களில் அந்தத் தெருப்பக்கம் ஒருமுறைகூட நான் போகவில்லை. அவன் கூப்பிட்டானா, வந்தானா, ஆன்ட்டி இருக்கிறாரா என்று எதுவும் தெரியாது. என் மனைவி முதலில் இரண்டொரு முறை கேட்டாள், பிறகு அவளும் விட்டுவிட்டாள். போகாமல் இருப்பது மட்டும்தான் அவருக்காக என்னால் செய்யமுடிந்தது. அது ஒரு செயல்கூட இல்லை.

காலி பண்ணின அன்று குட்டி லாரியில் சாமான் ஏற்றியாயிற்று. மனைவி முன்னால் ஏறிக்கொண்டாள். ஆன்ட்டி கேட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் மன்னிப்பு என்று ஒரு சொல்லை வாயில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். அது வெளியே வருவதற்குள் அவர் பேசினார். குத்திக்காட்டும் குரல் இல்லை. எனக்கு ஒரு நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

"அவன் கூப்பிட்டா, மாடிவீட்டு அண்ணன் காலி பண்ணிட்டுப் போயிட்டாருன்னு முதல்லயே சொல்லிடறேன் தம்பி. பயப்படாம பேசுவான்."